பன்னிரண்டு சாட்சிக் குப்பிகள்

பிற்பகல் 1.40.

அலமாரியின் கண்ணாடிக் கதவு விரியத் திறந்து கிடந்தது. மூன்று தட்டுகளும் காலி. ஓராண்டாகக் குப்பிகள் அசையாமல் நின்ற இடத்தில் தூசி படியாத வட்டங்கள் மட்டும் பன்னிரண்டு இருந்தன. மேசைமேல் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. அதில் பாதி ஆப்பிள், வெட்டிய முகம் மேலே தெரிய. பக்கத்தில் கத்தி.

முகப்பூச்சுப் பட்டறையின் சொந்தக்காரி சைகல் கூச்சல் போடவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த கொழுந்தன் மெலிஸ், தெருக்கோடியில் பிள்ளை பிறந்த விருந்து நடந்துகொண்டிருந்த வீட்டுக்கு ஓடினான். சார்ஜென்ட் குபானிச் அங்கேதான் இருந்தார். விரலில் ஒட்டிய ஆட்டுக் கொழுப்பைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

குபானிச் ஆப்பிள் தோட்டத்துக்காரரின் மகன். இசிக்-குல் ஏரியின் தென்கரையில் எல்லோரும் வெட்டிய ஆப்பிளைப் பார்த்து நேரம் சொல்வார்கள். வெள்ளையாக இருந்தால் இப்போது வெட்டியது. ஓரம் பழுப்பேறினால் கால் மணி. தேநீர் நிறம் வந்துவிட்டால் விருந்தாளி போய் வெகுநேரம் ஆயிற்று. அவர் தட்டைக் குனிந்து பார்த்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்றார். மணி 1.45 என்று சேர்த்துப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

பத்து நிமிடத்துக்கு முன் பட்டறையில் இருந்தது யார்? முற்றத்தில் கிளைகளைத் தட்டிக்கொண்டிருந்த பட்டறை வேலைக்காரி அனிபா ஒருத்திதான்.

பிற்பகல் 2.35.

மாவட்டத் தலைமையிடத்திலிருந்து கேப்டன் பெரிசாத் வந்து இறங்கினாள். விசாரணைப் பிரிவில் பத்தொன்பது வருஷம். முகங்களைப் படித்தே சோறு தின்கிறவள். தன் முகத்தை மட்டும் படிப்பதில்லை; இந்தக் கரையின் வெயிலும் பனிக்காற்றும் நாற்பத்து மூன்று வயதில் அதில் எழுதியது போதும் என்று விட்டுவிட்டவள். முகப்பூச்சுகளைப் பற்றி அவளுக்கு ஒரே அபிப்பிராயம்தான். டப்பாவில் அடைத்த பொய்.

முதலில் அறையைப் பார்த்தாள். பூட்டு உடையவில்லை. சன்னல் உள்ளே தாழிட்டிருந்தது. தட்டில் ஆப்பிள், பால் பல்லைப்போல் வெள்ளையாக. தோலில் கீறல் இல்லை, கறை இல்லை. கத்தியின் பிடியும் துடைத்ததுபோல் சுத்தம்.

அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று சைகலிடம், மற்றது அனிபாவிடம்.

போனது என்ன என்று சைகலைக் கேட்டாள். சைகல் தலைநகரில் வேதியியல் படித்து, இருபது வருஷம் அங்கே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். நகம் ஒட்ட வெட்டிய, மாசில்லாத வெள்ளைக் கைகள். வேலை நேரம் முழுக்க ரப்பர் கையுறை போடுகிறவளின் கைகள்.

"பணம் போயிருந்தா மறுபடி சம்பாதிச்சுக்கலாம் கேப்டன். போனது ஒரு வருஷம்," என்றாள்.

போன நவம்பரில் செய்து மூடி அரக்கு வைத்த முகப்பூச்சு அது. ஒரு வருஷம் சன்னல் வெளிச்சத்தில் வைத்திருந்து, கெடாமல் இருக்கிறதா என்று நாளை காலை பத்து மணிக்குத் தரக்குழு வந்து திறந்து பார்க்கும். அதனால்தான் அவற்றைச் சாட்சிக் குப்பிகள் என்பார்கள். அவை இல்லாவிட்டால் மறுபடி செய்து, மறுபடி ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

காலையில் நடந்ததைச் சைகல் நிதானமாகச் சொன்னாள். பதினோரு மணிக்குத் தானே அலமாரியைப் பார்த்தாள், பன்னிரண்டும் இருந்தன. 11.10க்கு விருந்துக்குப் போனவள் 1.40 வரை அங்கேயே, அறுபது பேர் கண்ணெதிரில் இருந்தாள். மெலிஸ் காலை எட்டிலிருந்து ஏரிக்கரையில் கிளை வெட்டிக்கொண்டிருந்தான். அங்கிருந்து நேரே விருந்துக்கு வந்தான். அனிபா பன்னிரண்டு மணிவரை சாறு ஆட்டும் எந்திரத்தோடு பட்டறை முற்றத்தில் இருந்தாள். பிறகு விருந்துக்கு வந்து, எந்திரத்தை நிறுத்த 1.10க்குத் திரும்பிவிட்டாள்.

"அவங்க அவ்வளவு சீக்கிரம் திரும்புவாங்கன்னு நினைச்சீங்களா?"

சைகல் கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்தாள். "இல்லை. விருந்து முடிய மூணு மணி ஆகும்."

மூலையில் சிறிய குளிர்பெட்டி ஒன்று பூட்டியிருந்தது. அதில் என்ன என்று பெரிசாத் சும்மா கேட்டாள். வடிகட்டிய சாறு, நிறமெல்லாம் எடுத்தது, பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும் என்றாள் சைகல். சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. வேறு யாரிடமும் தருவதில்லை. அப்புறம், யாரும் கேட்காமலே அவள் குரலில் ஒரு வெளிச்சம் ஏறியது. காற்று எதையும் தின்னும் என்றாள். இரும்பைத் தின்றால் துரு. எண்ணெயைத் தின்றால் காறல். தோலைத் தின்றால் சுருக்கம். வெயில் அதற்குப் பரிமாறும் கை. ஆனால் நம் கரையின் முள்பழம், சிச்சிர்கனாக், செப்டம்பரில் பழுத்துப் பிப்ரவரிவரை கிளையிலேயே நிற்கிறது. இந்த உயரத்து வெயில், இந்தப் பனி. ஆனாலும் உள்ளே இருக்கும் விதைக்கு ஒரு கீறல் கிடையாது.

"ஆன்டி-ஆக்சிடன்ட்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிடுறோம். இருபது வருஷமா படிக்கிறேன், இன்னிக்கும் புல்லரிக்குது. அந்தத் துளியூண்டு பழம் காத்துகிட்ட தன்னைக் குடுத்துட்டு விதையைக் காப்பாத்துது."

இப்படிப் பேசுகிறவள் பொய் சொல்வாளா என்று பெரிசாத் யோசித்தாள். உண்மையை நேசிக்கிறவர்களின் பொய்தான் கண்டுபிடிக்கக் கடினம் என்பது அவளுக்கு அனுபவம்.

பிற்பகல் 2.50.

மெலிஸைப் பற்றிக் குபானிச் காதில் ஒரு செய்தி போட்டிருந்தார். போன வாரம் நகரத்துக் கம்பெனி ஆள் ஒருவனோடு தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தானாம்.

"உட்கார்ந்தேன். வேலைக்குக் கூப்பிட்டான்," என்றான் மெலிஸ். "முள்ளுக்குள்ள கைய விட்டுட்டுக் கிடக்கிறதுக்கு அங்க வண்டி ஓட்டலாமேன்னு. அண்ணிகிட்ட சொல்லலை. சொன்னா ஒரு பாட்டம் கெமிஸ்ட்ரி கேக்கணும்."

உள்ளங்கையைக் காட்டச் சொன்னாள். மணிக்கட்டுவரை ஆரஞ்சு. கழுவினாலும் மார்ச் மாதம் வரை போகாது என்று அலுத்துக்கொண்டான். பல் விளக்கினால் பிரஷ் ஆரஞ்சு, வண்டி ஸ்டீயரிங் ஆரஞ்சு, போன மாதம் பெண் பார்க்கப் போன வீட்டில் தேநீர்க் கோப்பையும் ஆரஞ்சு.

பிற்பகல் 3.00.

அனிபா முற்றத்தில்தான் இருந்தாள். பனியில் உறைந்த கிளைகளை ஒன்றொன்றாகத் தூக்கித் தார்ப்பாயின்மேல் தட்டினாள். பழங்கள் கண்ணாடி மணிகள்போல் உதிர்ந்தன. உறைந்திருக்கும்போது தட்டினால் பழம் முழுசாக விழும். இளகிவிட்டால் கையிலேயே வெடித்துவிடும். போலீஸ் வந்ததற்காக அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

"கேளுங்க, கேளுங்க. பனி எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

"உங்க மேலதான் எல்லாரும் சொல்றாங்க."

"தெரியும். ரெண்டு பேரு வந்து சாவியை வாங்கிட்டுப் போயிட்டாங்க."

இந்த ஊரில் குடும்பத்தோடு மலை மேய்ச்சலுக்கு ஏறுகிறவர்கள் வீட்டுச் சாவியை அனிபாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்தபிறகும் வாங்கிக்கொள்ளச் சோம்பல். அவள் வீட்டுச் சுவரில் ஆணியடித்து நாற்பத்தோரு சாவிகள் தொங்கும். புருஷன் போன பிறகு ஊர் அவளுக்குக் கொடுத்த இடம் அதுதான். இன்று மதியம் இரண்டு ஆணிகள் காலியாகிவிட்டன.

"சாயங்காலத்துக்குள்ள எல்லாச் சாவியும் போயிடும்," என்றாள். "அதுக்கப்புறம் நீங்க திருடனைப் பிடிச்சாலும் ஒண்ணுதான், பிடிக்காட்டியும் ஒண்ணுதான். ஒரு தடவை வாங்கிட்டுப் போனவ மறுபடி கொண்டாந்து குடுக்க வெக்கப்படுவா. வெக்கத்துக்கு என்னைய வெறுப்பா."

சைகலோடு சண்டையாமே என்று பெரிசாத் கேட்டாள். ஆமாம் என்றாள் அனிபா. தோலையும் விதையையும் நிறத்தையும் வடிகட்டித் தூக்கிப் போடாதே என்று அவள் சொன்னாள். தலையணை உறை ஆரஞ்சு ஆனால் நகரத்துப் பெண்கள் வாங்க மாட்டார்கள் என்று சைகல் சொன்னாள். அனிபாவின் வாய் ஓயட்டும் என்றுதான் பன்னிரண்டில் மூன்று குப்பியை அவள் போக்கில், எதையும் எடுக்காமல், முழுப் பழத்தையும் ஆட்டி நிரப்பச் சைகல் விட்டாள்.

"அதுல மூணு என்னோடது, கேப்டன். நான் பெத்ததை நானே திருடுவேனா?"

பெரிசாத்தின் கண் அவள் கைமேல் போனது. உள்ளங்கை, விரல்கள், நகக்கண் எல்லாம் ஆரஞ்சு. ஆனால் அவளை நிறுத்தியது அதுவல்ல. வயது கேட்டாள். ஐம்பத்தெட்டு. முகத்தைப் பார்த்தால் எழுபது சொல்லலாம். ஏரிக்காற்று உழுத முகம். கைகளின் புறமோ புதிதாகத் தோல் உரித்த வில்லோ மரக் குச்சிபோல் வழுவழுவென்று இருந்தது. இருபது குளிர்காலம் அந்தப் பழத்தில் ஊறிய கை. ஒரே உடம்பில் இரண்டு வயது. பெரிசாத் தன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். டப்பாவில் அடைத்த பொய் என்று தான் சொல்லிவந்த வாக்கியம் நினைவில் வந்து, கொஞ்சம் கூச்சமாக நின்றது.

பிற்பகல் 3.10.

குபானிச் பெருமையோடு போனை நீட்டினார். படம் தெளிவாக இருந்தது. வெள்ளை ஆப்பிள், மூலையில் நேரம்.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பெரிசாத் படத்தைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தித் தட்டைப் பார்த்தாள். மறுபடி படம். மறுபடி தட்டு.

"குபானிச், விருந்து வீட்டுல இருந்து இதே சாதி ஆப்பிள் ஒண்ணு கொண்டாங்க."

கொண்டுவந்தார். அவர் கத்தியாலேயே இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பழைய பாதியின் பக்கத்தில் வைத்தாள். இருவரும் நின்று பார்த்தார்கள். நான்காவது நிமிடம் புதிய பாதியின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள். ஒன்பதாவது நிமிடம் பழுப்பு. பழைய பாதி மட்டும் அப்படியே, வெட்டின கணத்திலேயே உறைந்துபோனதுபோல் வெள்ளையாக இருந்தது.

குபானிச் தொப்பியைக் கழற்றினார். ஏன் என்று அவருக்கே தெரியாது. மசூதியில் நுழைகிறவர் போலக் குரல் இறங்கிவிட்டது.

"இது எப்ப வெட்டினது, கேப்டன்?"

"தெரியாது. அதான் விஷயம். ஆப்பிள் பொய் சொல்லுது. பொய் சொல்ல யாரோ அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

காற்று தின்னாமல் விட்ட ஒரு பாதி ஆப்பிளின் முன்னால் அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ ரத்தம், எத்தனையோ பூட்டு பார்த்தாயிற்று. நேரம் ஒரு பொருளின்மேல் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தது இதுவே முதல்முறை.

பிற்பகல் 3.25.

மூவரையும் அறைக்குள் கூப்பிட்டாள். அனிபா கிளையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். மெலிஸ் கதவில் சாய்ந்தான். சைகல் மேசையின் அந்தப் பக்கம் நின்றாள்.

"நாம எல்லாரும் ஆப்பிள் ஊர்க்காரங்க," என்று பெரிசாத் ஆரம்பித்தாள். "அதான் தப்பு. வேற ஊர்க்காரனா இருந்தா ஆப்பிள்ல மணி பாத்திருக்க மாட்டான். சார்ஜென்ட் பாத்தார், படம் எடுத்தார், அதுக்கப்புறம் ஆப்பிளை யாரும் திரும்பிப் பாக்கலை. படம்தான் இருக்கே. நானும் வந்தப்ப பாத்தேன், 2.35க்கு. அப்பவும் வெள்ளை. என் புத்திக்கும் உறைக்கலை."

வெட்டிய ஆப்பிளில் முள்பழச் சாற்றைத் தடவினால் அது நிறம் மாறாது என்பது இந்தப் பட்டறையில் மூவருக்கும் தெரிந்ததுதான். அப்படியானால் அது ஒன்றரை மணிக்கு வெட்டியதாக இருக்க வேண்டியதில்லை. பதினோரு மணிக்கும் வெட்டியிருக்கலாம். ஆனால் எந்தச் சாறு? முற்றத்தில் ஆட்டும் சாறு பட்ட இடமெல்லாம் ஆரஞ்சாகும். மெலிஸின் ஸ்டீயரிங்கைக் கேட்டால் சொல்லும். அனிபாவோ மெலிஸோ தொட்டிருந்தால் தோலில், கத்திப் பிடியில், தட்டின் விளிம்பில் விரல் பதிந்திருக்கும். இங்கே எங்கும் ஒரு புள்ளி ஆரஞ்சு இல்லை. நிறமெடுத்த சாறு ஒன்றால்தான் இது முடியும். அது பூட்டிய பெட்டியில் இருக்கிறது. சாவி ஒரே ஒரு கழுத்தில்.

"எதுக்கு இந்த வேலை? பதினோரு மணிக்கு நடந்தது ஒன்றரைக்கு நடந்த மாதிரி தெரியணும். அதனால யாருக்கு லாபம்? அந்த நேரத்துல விருந்துல இருந்தவங்களுக்கு. திருட்டுக் குடுத்தவங்க வீட்டை யாரும் சோதனை போட மாட்டாங்க, நாங்களும் போடலை." கையை நீட்டினாள். "சாவியைக் குடு, சைகல்."

சைகல் சங்கிலியைத் தலைவழியாகக் கழற்றினாள். வெகுநேரமாக இதற்காகக் காத்திருந்தவள்போல் இருந்தாள்.

குளிர்பெட்டியில் பன்னிரண்டு குப்பிகளும் இருந்தன. நான்கின் அரக்கு உடைந்திருந்தது.

"அண்ணி," என்றான் மெலிஸ்.

மூன்று நாளைக்கு முன் பொறுக்க முடியாமல் ஒன்றைத் திறந்து பார்த்ததாகச் சைகல் சொன்னாள். காறல் வாடை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, எல்லாமே காறல். குழு வந்து மூக்கைச் சுளிப்பதை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. திருட்டுப் போனால் தோல்வி இல்லை. இன்னொரு வருஷம் கிடைக்கும். விருந்து நடக்கிற நேரத்தில் வெளியாள் யாரோ கள்ளச்சாவி போட்டு வந்துபோனதாக இருக்கட்டும், பட்டறை ஆட்கள் மூவரும் கூட்டத்தில் இருக்கும்போது நடந்ததாக இருக்கட்டும் என்றுதான் ஆப்பிள்.

"அனிபா அக்கா திரும்பி வருவாங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா."

"வந்தது தெரிஞ்சப்புறம்?" என்று கேட்டாள் பெரிசாத்.

சைகல் குளிர்பெட்டியின் கதவைப் பார்த்தாள். அந்த ஒன்றரை மணி நேர மௌனம் அறையில் ஆறாவது ஆளாக நின்றது. பெரிசாத்துக்கு அந்த மௌனத்தைத் தெரியும். யாருக்கும் கெடுதல் நினைக்காமல் ஆரம்பித்து, அடுத்த நிமிடம் சொல்லலாம், அடுத்த நிமிடம் சொல்லலாம் என்று ஒருத்தியின் பெயர் முழுகுகிறவரை நீளும் மௌனம்.

அனிபா குனிந்து குப்பிகளை எண்ணினாள். நூல் முடிச்சுப் போட்ட மூன்றைத் தனியே எடுத்தாள். அவற்றின் அரக்கு முழுசாக இருந்தது.

"இதைத் திறந்து பாக்கலையா?"

"இல்லை."

"ஏன்?"

"உங்களோடது நல்லா இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயம்."

அனிபா ஒரு குப்பியின் அரக்கைக் கட்டைவிரலால் உடைத்து மூடியைத் திருகினாள்.

முதலில் நிறம்தான் வந்தது. ஓராண்டு வெயில் பட்டும் ஒரு சாயல் குறையாத ஆரஞ்சு. அப்புறம் மணம். புளிப்பும் தேனும் பனியும் கலந்து, இன்று காலை கிளையிலிருந்து உதிர்ந்ததுபோல். பெரிசாத்துக்குத் தெரிந்த எந்த எண்ணெயும் ஒரு வருஷம் சன்னலில் நின்று இப்படி மணந்ததில்லை. சைகல் கிட்டே வந்து முகர்ந்தாள். கண் நிறைந்தது. அவமானத்தால் என்று பெரிசாத் முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தால் அது வேறு. நிறம் எண்ணெயைக் காத்திருக்கிறது, விதையின் கொழுப்பு நிறத்தைக் காத்திருக்கிறது, சாற்றின் புளிப்பு இரண்டையும் காத்திருக்கிறது என்று முணுமுணுத்தாள். ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து ஒரு வருஷம் முழுக்க நின்றிருக்கின்றன. தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, தனியே நிறுத்தி, சாகவிட்டிருக்கிறாள்.

"நிறம் அழகா இல்லைன்னு எடுத்தே," என்றாள் அனிபா. "அதுதான்டி காவக்காரன்."

நாளைக்கு ஒரு சாட்சிக் குப்பி போதுமா என்று பெரிசாத் கேட்டாள். ஒன்று போதும் என்றாள் சைகல். அனிபாவுடையதில் சீல் உடையாமல் இரண்டு இருக்கின்றன. அப்படியானால் வருஷம் போகவில்லை. பொய்ப் புகார் கொடுத்ததற்கு எழுத வேண்டியதைப் பெரிசாத் எழுதத்தான் போகிறாள். ஆனால் அந்தக் காகிதம் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இந்த ஊருக்குச் செய்தி நடந்து வருவதற்குள் சாயங்காலம் முடிந்துவிடும், அனிபாவின் ஆணிகளெல்லாம் காலியாகிவிடும்.

சைகல் அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பிற்பகல் 3.50.

விருந்து வீட்டில் இரண்டாம் சுற்றுத் தேநீர் ஓடிக்கொண்டிருந்தது. சைகல் உள்ளே வந்ததும் பேச்சு அடங்கியது. திருட்டுக் கொடுத்தவளுக்கு இடம் விட்டு இரண்டு பேர் நகர்ந்தார்கள். அவள் உட்காரவில்லை. வாசலருகே, செருப்புகள் கிடந்த இடத்திலேயே நின்றாள். பின்னால் பெரிசாத்தும் குபானிச்சும். எல்லோருக்கும் கடைசியில் அனிபா, வேலைக் கையோடு.

"அனிபா அக்கா எடுக்கலை," என்றாள் சைகல். "நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். அவங்க மேல பழி விழுந்தப்ப வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தி மடிப்பைக்குள் ஒரு சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

அனிபா முன்னால் வந்தாள். சைகலின் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தை ஒரு முறை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள். "பின்வரிசையில காது கேக்காதவங்க இருக்காங்க."

சைகல் மூச்சை இழுத்துக்கொண்டு, உரக்க, மறுபடி சொன்னாள்.